மூன்றாவது வரிசை மாப்பிள்ளை

என்னை வேலைக்கு எடுத்த அன்று ஷோரூம் மேனேஜர் என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் முழங்காலைத்தான் பார்த்தார்.

"அந்த செடான்ல ஏறிப் பின்சீட்ல உட்காருப்பா" என்றார். உட்கார்ந்தேன். முன்சீட்டை முடிந்த மட்டும் பின்னால் தள்ளிவிட்டு, குனிந்து எட்டிப் பார்த்தார். என் முழங்காலுக்கும் முன்சீட்டின் முதுகுக்கும் நடுவே ஒரு பயணப் பெட்டியை நிறுத்திவைக்கலாம் போல இடம் கிடந்தது. மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கால் மேல கால் போடு, பார்ப்போம்." போட்டேன். "நாளைக்கே வந்து சேர்ந்துடு" என்றார்.

நான் குள்ளம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. சுற்றி வளைக்கிற அளவுக்கு நீளமும் என்னிடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் உயர வரிசையில் நிற்கவைத்தால் முதல் ஆள் நான்தான். வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்த ஒரே இடம் அது. மீசை முளைத்த பிறகும் பஸ் கண்டக்டர்கள் என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். ஷோரூமில் சேர்ந்த கையோடு மெக்கானிக்குகள் எனக்கு 'அரை டிக்கெட்' என்று பெயர் வைத்தார்கள். மேனேஜர் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட ஆரம்பித்ததும் அதுவே நிலைத்துவிட்டது.

கார் விற்பனையாளன் என்றால் இன்ஜின் பற்றி, மைலேஜ் பற்றி வாய் ஓயாமல் பேசுவான் என்று நினைப்பீர்கள். எனக்கு அந்தச் சிரமமே இல்லை. குடும்பமாக யாராவது வந்தால், மற்ற விற்பனையாளர்கள் பேசி முடித்து, "பின்சீட்ல இடம் எப்படி இருக்கு?" என்று அவர்கள் கேட்கும் நேரத்தில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பின்சீட்டில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "பாருங்க சார்" என்பேன். அவ்வளவுதான். சின்ன செடான்கூட என்னைச் சுற்றிக் கல்யாண மண்டபம் மாதிரி விரிந்துகொள்ளும். வந்தவர்கள் காரைப் பார்ப்பார்களே தவிர, உள்ளே இருக்கிறவன் என்ன அளவு என்று யாரும் பார்த்ததில்லை. விளம்பரத் துண்டறிக்கையில் என் படம் வந்தது. முகம் இல்லை, மடித்துப் போட்ட கால்கள் மட்டும். அந்தத் துண்டறிக்கையை நான் வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன் என்பதிலிருந்து என் புத்தியின் உயரத்தையும் நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

என் வித்தை பலிக்காத ஒரே ஆளைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன்.

அவள் பிசியோதெரபிஸ்ட். அவளும் அவள் அம்மாவும் கார் பார்க்க வந்திருந்தார்கள். இருவரும் வாசலில் நுழைந்தபோது, யாரோ ஏணியைச் சாய்க்காமல் நிமிர்த்தியபடியே கொண்டுவருகிறார்கள் என்று நினைத்தேன். வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறி என் கச்சேரியை நடத்தினேன். அவள் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "சார், நீங்க கொஞ்சம் இறங்குங்க" என்றாள்.

இறங்கினேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் முன்சீட்டில் போய்ப் புதைந்தன. தலைமுடி கூரையில் உரசியது. அங்கிருந்தபடியே சொன்னாள்: "நீங்க உட்கார்ந்தா இது பெட்ரூம் மாதிரி இருக்கு. நான் உட்கார்ந்தா பீரோ மாதிரி இருக்கு."

"முன்சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளிட்டா சரியாயிடும் மேடம்."

"அப்ப முன்னால உட்கார்றவங்க எங்க போவாங்க? பானெட்டுக்கா?"

அவள் அம்மா சிரித்த சிரிப்பில் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். அந்த அம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு ஒயர் தேவையில்லை.

கார் வாங்காமலே போனார்கள். ஆனால் அடுத்த வாரம் அவள் மட்டும் தனியாக, 'சும்மா பார்க்க' வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். என்னைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது, அதனால்தான் வந்தேன் என்று பிற்பாடு சொன்னாள். பெண்கள் ஆண்களைக் கட்டிக்கொள்ள இதைவிட மோசமான காரணங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். கல்யாணப் படத்தில் நாங்கள் இருவரும் சமமாக நிற்கிறோம். நான் எதன் மேல் நிற்கிறேன் என்பது படத்துக்கு வெளியே இருக்கிறது.

இவ்வளவு நடந்தும் நான் வாங்கியது என்ன காரென்று நினைக்கிறீர்கள்? அதே செடான். "ஊழியர்களுக்குச் சலுகை இருக்கு. அதோட, கார்னா கார் மாதிரி இருக்கணும். மத்ததெல்லாம் பால் வண்டி" என்று வீட்டில் பிரசங்கம் செய்தேன். அவள் "சரி" என்றாள். அவள் "சரி" என்று மட்டும் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் எல்லாரும் சேர்ந்து வெளியே போனால் காட்சி இப்படி இருக்கும். ஓட்டுவது நான், எனக்கு எந்தக் குறையும் இல்லை. பக்கத்தில் மனைவி. பின்னால் ஒரு ஓரத்தில் மாமியார். மறு ஓரத்தில் மனைவியின் தம்பி. நான் மச்சான் என்று கூப்பிடும் அவர், குடும்பத்திலேயே உயரமும் அகலமும் கூடியவர். சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். நடுவில் என் மகள். செடானின் தரையில் நடுவே ஒரு மேடு ஓடும். அதன் மேல் கால் வைத்தால் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சின்னப் பெண்ணாக இருந்தவரை அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. பிறகு அவள் தாய்வழியில் வளர ஆரம்பித்தாள். ஒரு நாள் பின்கண்ணாடியில் பார்த்தபோது அவள் முகம் தெரியவில்லை, முழங்கால்தான் தெரிந்தது. மச்சான் கூரையில் இடிக்காமல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வருவார். இறங்கிய பிறகும் நெடுநேரம் கழுத்து நேராகாது. யார் என்ன சொன்னாலும் நம்பாதவர் போலவே நிற்பார்.

"எப்படி மச்சான், சௌகரியமா இருந்துச்சா?" என்று நான் கேட்பேன்.

"பிரமாதம் மாமா" என்பார், தலையைச் சாய்த்தபடி. நான் அதை நம்புவேன்.

ஷோரூமுக்கு மினிவேன்கள் வந்தன. மூன்று வரிசை, இழுத்துத் திறக்கும் கதவு, உயரமான கூரை. எல்லாரும் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். நானும் நடு வரிசையில் ஏறி உட்கார்ந்தேன். சீட் பெரிது, அருமையான சீட். ஆனால் என் முதுகு சாய்மானத்தைத் தொட்டால் கால் தரையைத் தொடவில்லை. கால் தரையைத் தொட்டால் முதுகு அந்தரத்தில் நின்றது. முடிதிருத்தும் கடையில் பலகை போட்டு உட்காரவைத்த பையன் மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். பழைய நினைப்பில் கால் மேல் கால் போடப் பார்த்து, சறுக்கிக் கீழே வந்தேன். மெக்கானிக்குகள் கை தட்டினார்கள். அன்றிலிருந்து மினிவேன் எனக்குப் பகை. அந்தப் பக்கம் போகிற வாடிக்கையாளர்களைக்கூடக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தேன். அது வண்டி செய்த குற்றமா, நான் வளராத குற்றமா என்று யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இந்த நிலையில்தான் மாமியாருக்குக் கால் உடைந்தது.

எங்கள் வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் முக்காலி கிடக்கும். மேல் அலமாரிக்கு ஒன்று, ஜன்னல் கொக்கிக்கு ஒன்று, துணிக்கொடிக்கு ஒன்று. எல்லாம் எனக்காகத்தான். மனைவி, மகள், எங்களோடு இருக்கும் மாமியார் மூவரும் கையை நீட்டினாலே போதும். சமையலறை வாசலில் நான் விட்டுவிட்டு வந்த முக்காலியில் மாமியார் தடுக்கி விழுந்தார். தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. மடக்கவே கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான் தலைமாட்டில் நின்று, "அத்தை, அது என் தப்புதான்" என்றேன். "பரவாயில்லை மாப்பிள்ளை. கண்ணுக்குத் தெரியற மாதிரி எதையும் வச்சிருக்க மாட்டீங்களே நீங்க" என்றார். வலியிலும் அந்தக் குரல் அடுத்த வார்டுவரை போனது. அங்கேயும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, காரைக் கழுவித் துடைத்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். சக்கர நாற்காலியில் மாமியார். மாவுக்கட்டுக் கால் நீளமாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எத்தனை பேருக்கு இடம் காட்டியவன் நான்!

முதலில் முன்சீட்டில் ஏற்றிப் பார்த்தோம். சீட்டைக் கடைசிவரை தள்ளி, சாய்த்து, என்னென்னவோ செய்தோம். உடம்பு உள்ளே போனால் கால் வெளியே நின்றது. காலை உள்ளே கொண்டுவந்தால் உடம்பு சரிந்தது. "இறக்குங்க, இறக்குங்க" என்றாள் மனைவி. அடுத்து பின்சீட். மச்சான் அந்தப் பக்கக் கதவு வழியாகப் புகுந்து அக்குளில் கை கொடுத்து இழுக்க, நானும் மனைவியும் இந்தப் பக்கம் காலைத் தாங்க, மாமியாரை நீளவாக்கில் சீட்டின் மேல் நகர்த்தினோம். தலை அந்தக் கதவில் முட்டியது. பாதம் இந்தக் கதவுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது.

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "கதவைத் திறந்தே வச்சுக்கிட்டு மெதுவா போயிடுங்க சார்" என்றார் வாசல் காவலாளி. "கண்ணாடியை இறக்கிட்டுக் காலை ஜன்னல் வழியா விடலாமே" என்றார் வார்டு உதவியாளர்.

"அப்படின்னா நுனியில ஒரு சிவப்புத் துணி கட்டணும். கிடங்குல கம்பி ஏத்தினா அப்படித்தான் கட்டுவோம்" என்றார் மச்சான். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மாமியார் படுத்தபடியே காரின் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்றார். குரல் நடுங்கியது. அந்தக் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. முக்காலியும் என்னுடையது, காரும் என்னுடையது. ஒன்று அவரைத் தடுக்கி விழவைத்தது, இன்னொன்று வீட்டுக்குக் கொண்டுபோக மறுக்கிறது. அவர் பாதத்தைக் கையில் தாங்கிக்கொண்டு நான் அசட்டுத்தனமாக நின்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்: "உங்க ஷோரூம்ல அந்தப் பால் வண்டி இருக்குல்ல?"

போன் செய்தேன். மேனேஜரே வந்தார். சீட் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் புது மினிவேனை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கவாட்டுக் கதவை இழுத்ததும் ஒரு பக்கம் முழுக்க வாய் திறந்தது. தரை தாழ்வு. சக்கர நாற்காலியை ஒட்டி நிறுத்தினோம். மாமியார் என் மனைவியின் தோளைப் பிடித்து எழுந்து, ஒரு அரை வட்டம் திரும்பி, அப்படியே நடு வரிசையில் உட்கார்ந்துவிட்டார். சீட்டைத் தண்டவாளத்தில் தள்ளுகிற மாதிரிப் பின்னால் தள்ளி, சாய்மானத்தைச் சாய்த்து, முன்னால் துணிப் பெட்டியும் அதன் மேல் ஒரு தலையணையும், முதுகுக்கு இன்னொரு தலையணையும் வைத்து மனைவி காலை நீட்டிவிட்டாள். முடிந்தது. கூட்டத்துக்கே ஏமாற்றம்.

மச்சான் எங்கள் செடானை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். மனைவி அம்மாவின் பக்கத்தில். நான் முன்னால் ஏறப்போனேன். "மாப்பிள்ளை, பின்னால போய் இந்த முதுகுத் தலையணை நழுவாம பிடிச்சுக்குங்க" என்றார் மாமியார். மூன்றாவது வரிசைக்குப் போனேன்.

யாரும் விரும்பி உட்காராத வரிசை அது. சீட் குட்டை, உயரம் குறைவு, கால் வைக்க ஒதுக்கியிருந்த இடம் பாவம் பார்த்து ஒதுக்கியது போல இருக்கும். அதில் உட்கார்ந்தேன். முதுகு சாய்மானத்தில் பட்டது. கால் தரையில் பட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் பட்டன! மினிவேன் செய்தவர்கள் யாரை மனதில் வைத்துக் கடைசி வரிசையைச் செய்தார்கள் என்று நான் நெடுநாள் கேலி செய்திருக்கிறேன். என்னைத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் மாமியார் கண்ணைத் திறந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே எல்லாம் பார்த்தார். "மாப்பிள்ளை, இது யாரோட வண்டி?"

"எங்க ஷோரூமோடது, அத்தை."

"இது அங்க எத்தனை நாளா நிக்குது?"

"அது… கொஞ்ச நாளா."

"அப்புறம் எதுக்கு எங்களை அந்த டப்பாவுல அடைச்சுக் கொண்டுபோனீங்க?"

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார். அவர் கண் மின்னியது. எனக்கு வேலை கொடுத்த அன்று மின்னிய அதே மின்னல். "அரை டிக்கெட், கால் மேல கால் போடு, பார்ப்போம்" என்றார்.

போட்டேன்.

"முட்டி என் முதுகுல இடிக்குது, மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

எடுத்துவிட்டேன்.

மறுநாளே என்னை வேன் பக்கம் மாற்றினார்கள். மூன்றாவது வரிசையில் சும்மா உட்கார்ந்து புன்னகைத்தால் போதும் என்பது உத்தரவு. இரண்டு நாள் புன்னகைத்தேன். மூன்றாம் நாள் ஒரு குடும்பம் வந்தது. அதில் ஒரு பெரியம்மா, கையில் தடி. "இடம் நிறைய இருக்கும் போலிருக்கே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் கையில் தாங்கியிருந்த அந்தப் பாதத்தின் கனம் எனக்கு ஞாபகம் வந்தது. இறங்கி வந்து, "என்னைப் பார்க்காதீங்கம்மா. உங்க வீட்லயே உயரமானவர் யாரோ அவரைக் கடைசி வரிசையில ஏத்துங்க. நீங்க நடுவுல ஏறி இறங்கிப் பாருங்க. அப்புறம் செடான்லயும் ஏறிப் பாருங்க" என்றேன். மேனேஜர் தூரத்தில் நின்று பல்லைக் கடித்தார். அவர்கள் பொறுமையாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, வீட்டில் இருப்பது மூன்றே பேர்தான், போகிற சாலையும் வளைந்து வளைந்து போகும் என்று செடானையே வாங்கினார்கள். அதுவும் நியாயம்தான். இரண்டு பேர் பின்னால் உட்கார்ந்தால் செடான் மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரிப் போகும். சத்தம் வராது, வளைவில் ஆடாது. மினிவேன் வளைவில் கொஞ்சம் படகு மாதிரி சாயும். இதை விற்பனையாளன் வாயால் சொல்வதைக் கேட்டு முதலில் எல்லாரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பிறகு குடும்பத்தோடு வந்தவர்கள், "அந்தக் குட்டையா ஒருத்தர் இருப்பாரே, அவரைக் கூப்பிடுங்க" என்று கேட்க ஆரம்பித்ததும் மேனேஜர் பல்லைக் கடிப்பதை நிறுத்தினார்.

எங்கள் வீட்டுக்கும் வேன் வந்தது. முடிவெடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. என் கருத்தை யாரும் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஓட்டுவது இப்போது மனைவி. பக்கத்தில் மச்சான், கழுத்து நேராக. நேரான கழுத்தோடு பார்த்தால் ஆள் வேறு யாரோ மாதிரி இருக்கிறார். நடுவில் மாமியாரும் என் மகளும், ஆளுக்கொரு சீட்டில் ராணி மாதிரி. கடைசி வரிசை முழுக்க என் ராஜ்ஜியம். காலை மடக்கினால் படுத்துத் தூங்கவே முடியும்.

அதில்தான் வம்பு வந்தது. மாமியார் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்த சமயம், எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்பினோம். வழியில் நான் படுத்துத் தூங்கிவிட்டேன். நெடுஞ்சாலை ஓர உணவகத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் முதல் ஆளாக இறங்கிக் கழிப்பறைக்குப் போயிருப்பேன் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். சீட்டுக்குப் பின்னால் படுத்திருந்தவன் யார் கண்ணிலும் படவில்லை. விழித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான், உள்ளே ஏதோ அசைகிறது என்று திருட்டு அலாரம் ஊரைக் கூட்ட ஆரம்பித்தது.

போன் மகளின் கைப்பையில். நான் சீட்டுகளுக்கு நடுவே தவழ்ந்து முன்பக்கம் போகப் பார்த்ததுதான் இரண்டாவது தப்பு. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு, பூட்டிய புது வண்டிக்குள் ஒரு சின்ன உருவம் பதுங்கிப் பதுங்கி ஸ்டியரிங் பக்கம் போவது தெரிந்திருக்கிறது. நிமிஷத்தில் வண்டியைச் சுற்றி ஆட்கள். காவலாளி கண்ணாடியில் தட்டி, "டேய், இறங்குடா வெளிய" என்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அது சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது.

அப்போது அலாரத்தையும் மீறி ஒரு குரல் கேட்டது. "நகருங்கப்பா!" மாமியார். தடியை ஊன்றிக்கொண்டு, வாகனங்களுக்கு நடுவே, யாருடைய உதவியும் இல்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தார். உணவகத்தில் உட்கார்ந்ததும் தட்டுகளை எண்ணி, "மாப்பிள்ளை எங்க?" என்று முதலில் கேட்டவர் அவர்தானாம். மற்றவர்கள் எழுந்திருப்பதற்குள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். மாவுக்கட்டு பிரித்த பிறகு அவர் அவ்வளவு தூரம் தனியாக நடந்தது அதுதான் முதல் தடவை.

"இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமாம்மா? வண்டிக்குள்ள புகுந்திருக்கான்" என்றார் காவலாளி.

மாமியார் மூச்சு வாங்க என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வழக்கமாக வருகிற கேலிக்காக நான் காத்திருந்தேன்.

"எங்க மாப்பிள்ளைப்பா" என்றார். "விடுங்க, தள்ளுங்க. புழுக்கத்துல கிடக்கிறார் பாவம்."

கதவை இழுத்துத் திறந்தார். அலாரம் நின்றது. நான் இறங்கியதும் தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை என் தோளில் ஊன்றினார். அவர் உயரத்துக்கு என் தோள் சரியான இடத்தில் இருந்தது. இருவரும் மெதுவாக உணவகத்தை நோக்கி நடந்தோம்.

"சாப்பாடு ஆறியிருக்கும்" என்றார் மாமியார். "வேற சொல்லிக்கலாம், வாங்க."